மாமாவின் சிறுநீரகம் கோள் சொன்ன கதை

எங்க அத்தையிடம் போய், "ஒங்க நாத்தனார் மக மதுரையில என்ன படிக்கிறா?" என்று யாராவது கேட்டால் போதும், அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வாள்.

"என்னமோ டாக்டருக்குப் படிக்கிறா."

"என்ன டாக்டரு? ஊசி போடுவாளா?"

"போட மாட்டா."

"மருந்து எழுதிக் குடுப்பாளா?"

"அதுவும் மாட்டா."

"பெறகு என்னதான் செய்வா?"

அத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: "மூத்திரத்தக் காய்ச்சுறா."

அடியாத்தி, நான் எங்கே காய்ச்சினேன்! காய்ச்சினால் நான் தேடுகிற பொருளே கெட்டுப்போய்விடும். அமிலம் ஊற்றி, வெளிச்சம் படாமல் பொத்திப் பொத்தி வைத்துத்தான் அளப்போம். இதை அத்தையிடம் விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "அதுக்குக் காய்ச்சுறதே தேவலடி" என்றாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேனியில் பிறந்து வளர்ந்த நான் மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். சிறுநீரகச் செல்கள் டோபமைன் என்கிற பொருளை எங்கே வைத்திருக்கின்றன, எப்போது வெளியே விடுகின்றன என்பது என் தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் என் அப்பா, "வேற எதுவும் மிச்சம் இல்லையாம்மா?" என்றார். பெண் பார்க்க வந்தவர்களிடம் "கெமிஸ்ட்ரி" என்று மட்டும் சொல்லச் சொல்லி அம்மா கெஞ்சினாள்.

வீட்டில் என் படிப்பைப் பற்றி மனசாரக் கேட்ட ஒரே ஆள் மாமாதான். அம்மாவுக்கு அண்ணன். தேனி மாட்டுச் சந்தையில் தரகர். இடுப்பில் பை வைத்த பச்சைப் பெல்ட்டு, தோளில் துண்டு, வாயில் எப்போதும் ஒரு நக்கல். ஒரு மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். என்னை அவர் சும்மா விடுவாரா?

"ஏந்தாயி, அந்த டோபமைனு மூளையில இருக்கிறதுன்னு சொன்ன. மூளையில இருக்கிறது மூத்திரத்துல எப்பிடி வரும்?"

"மூளைச் சரக்கு வேற மாமா. அது அங்கனயே நின்னுக்கிரும். சிறுநீரகம் தனக்கு வேண்டியதத் தானே செஞ்சுக்கிருது. ரத்தத்தோட டோபான்னு ஒரு மூலப்பொருள் வரும். சிறுநீரகத்துக்குள்ள முடியவிட மெல்லிசாக் குழாய்க இருக்கு. குழாய்ச் சுவத்துல இருக்கிற செல்லு டோபாவ உள்ள இழுத்து, டோபமைனா மாத்தி, வெளிய விடும். நம்ம உப்பக் கூடத் தின்னா இதையும் கூடச் செஞ்சு விட்டு, உப்ப வெளிய தள்ளிரும்."

"செஞ்சதும் விட்டுருமா, வச்சிருந்து விடுமா?"

பாருங்கள், என் ஆய்வே அந்தக் கேள்விதான். நரம்புச் செல் என்றால் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைத்திருந்து, கட்டளை வந்ததும் திறந்துவிடும். சிறுநீரகச் செல்லுக்கு அந்த மாதிரி இருப்பு உண்டா, இல்லை வடைக்கடை மாதிரி எடுத்த சூட்டில் போய்விடுகிறதா என்றுதான் நானும் எங்கள் பேராசிரியரும் எலிகளின் சிறுநீரகத்தைச் சீவிச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைச் சொன்னேன்.

"அந்தச் செல்லு எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

"கண்ணுக்குத் தெரியாது மாமா."

"கண்ணுக்கே தெரியாததுக்குள்ள குடோன் இருக்கா இல்லையான்னு பாக்கவா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாக?"

அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "ஒங்க மாமா மனசுக்குள்ள என்ன வச்சிருக்காக, எப்ப வெளிய விடுவாகன்னு கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து எனக்கே தெரியல. இவ செல்லுக்குள்ள தேடுறாளாம், செல்லுக்குள்ள!"

எலியோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பேராசிரியருக்கு மனுசச் சிறுநீரும் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உப்புச் சாப்பிடுகிறபோது ஒரு நாள் முழுக்கப் பிடித்தது, உப்பில்லாமல் சாப்பிடுகிறபோது ஒரு நாள் முழுக்கப் பிடித்தது, இரண்டையும் ஒப்பிட வேண்டும். உப்புச் சாப்பிட ஆள் கிடைத்தார்கள். உப்பில்லாமல் சாப்பிட மதுரை மாநகரில் எவன் வருவான்? எங்கள் விடுதிப் பெண்களைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். காலையில் சத்தியம் செய்தார்கள், மத்தியானம் ஊறுகாய் பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி என் முன்னாலேயே விரலை நக்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள், மாமா வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்க வேண்டிக்கொண்டு உப்பை விட்டிருக்கிறார் என்று. உப்பை விட்டிருக்கிறார்! சாமி சத்தியமாக விட்டிருக்கிறார்! நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

மாமா தயங்கினார். "நான் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டு வெரதம் இருக்கேன். அதுக்குள்ள நீ ஒம் படிப்பச் சொருகுறியே, அவ கோவிச்சுக்கிற மாட்டாளா?"

"கழிக்கிறத எங்கன கழிச்சா அவளுக்கென்ன?" என்றாள் அத்தை. அத்தை அன்றைக்கு என் கட்சி. பிற்பாடு அவள் அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

பெரிய வெள்ளைக் கேன் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அடியில் கொஞ்சம் அமிலம். வெளிச்சம் படாமல் இருக்கக் கறுப்புத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தேன். விதிகளைச் சொன்னேன். ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. காபி கூடாது. வாழைப்பழம் கூடவே கூடாது, அதில் டோபமைன் இருக்கிறது, தின்றால் கணக்குக் குழம்பிவிடும். எங்கள் பேராசிரியர் வாழைப்பழத்தைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். மதுரையில் இருந்துகொண்டு அவர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னாலேயே வாழைத்தோப்பு நிற்கிற ஊரில் நான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உப்பும் கூடாது, பழமும் கூடாது. பெறகு என்னத்தத் திங்க? ஒந்தலையவா?" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். என் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

கேனோடு அவர் சந்தைக்குப் போனதுதான் வினை. தீச்சட்டிக்குக் காப்புக் கட்டிய மனுசன், கையில் கறுப்புத் துணி சுற்றிய கேன். அடிக்கடி அதை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போகிறார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து திரும்பி வருகிறார். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? "வெரதத்துல இருந்துக்கிட்டுச் சரக்கடிக்கிறாரு, அதுவும் தனியா" என்று சந்தை முழுக்கப் பேச்சு. தனியாக அடிக்கிறார் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய வருத்தம். கூடத் தரகு பார்க்கிறவர் ஒருத்தர் பொறுக்க மாட்டாமல், மாமா அசந்த நேரம் கேனைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு ஆழமாக ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். அமிலமும் மற்றதும் சேர்ந்து ஏறியதில் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டு பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டாராம். "வெசச் சாராயம்யா அது. அந்த மனுசன் எப்பிடி உசுரோட இருக்காருன்னு தெரியல" என்று அவர் சொன்னதிலிருந்து மாமாவுக்குச் சந்தையில் மரியாதை கூடிவிட்டது.

நான் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டிபட்டி கணவாய் வழியாக மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்னவென்று கேட்டதற்கு, கோயில் தீர்த்தம் என்று சொல்லித் தொலைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா என்னை மன்னிக்க வேண்டும்.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். அளக்கிற இயந்திரத்தில் வைத்தேன் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு நின்றது. உப்பை விட்டவருக்கு டோபமைன் குறைய வேண்டும். குறையவில்லை. முள் விறுவிறுவென்று ஏறி ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் கலந்து, இன்னும் கலந்து, மறுபடி வைத்தேன். அப்போதும் எலியிலும் மனிதரிலும் நான் பார்த்தே இராத அளவு.

"வாழைப்பழம்!" என்று கத்தினார் பேராசிரியர்.

"இல்ல சார்."

"தாருக் கணக்கில் தின்றிருக்கிறார்!"

திருவிழா முடிந்தது. மாமா தீச்சட்டி எடுத்தார், உப்புப் போட்டுக் கறிச்சோறும் தின்றார். மறுபடி கேனைக் கொடுத்தேன். மறுபடி முள் ஓரத்தில் போய் முட்டியது. இந்தத் தடவை பேராசிரியர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க மாமாவை நான் ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மதுரையில் அவருக்குத் தெரிந்த அறுவை மருத்துவர் மாமாவைப் படுக்க வைத்து, எழுந்திரிக்கச் சொல்லி, மறுபடி படுக்க வைத்துப் பார்த்தார். எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று கேட்டார். சுற்றுகிறது என்றார் மாமா. உடம்பு இளைத்திருக்கிறதா என்றார். ஆமாம், உப்பில்லாமல் தின்றால் இளைக்காதா என்றார் மாமா. டாக்டர் சிரிக்கவில்லை. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பியில் கட்டி இருக்கலாம், அதுதான் இதை இப்படிக் கொட்டுகிறது, வயிற்றைத் திறந்து பார்த்துவிடுவோம் என்றார். வெளியே இருந்தபடி உள்ளே பார்க்கிற வசதி அன்றைக்கு எங்கள் பக்கம் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும்.

அத்தைக்குச் சேதி போனதும் தெருவே கேட்கக் கத்தினாள். "மூத்திரத்த வாங்கிட்டுப் போனா, சரின்னு விட்டேன். இப்ப வயித்தையும்ல கேக்குறா! இவ படிப்புல இடி விழ!"

அம்மா அதை அப்படியே எனக்குக் கடிதத்தில் எழுதினாள். மாட்டைப் பார்த்தோமா, பேசி முடித்தோமா என்று இருந்த மனுசன். நான் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன், இப்போது அவர் கத்திக்குக் கீழே படுக்கப் போகிறார். திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால்? மயக்கத்திலிருந்து எழுந்திரிக்காமலே போய்விட்டால்? பயம், அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து மாமாவைப் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். காலையில் என்ன தின்றீர்கள், ராத்திரி என்ன தின்றீர்கள், சந்தையில் என்ன வாங்கித் தின்றீர்கள். "ஒங்க அத்த போட்டதத் தின்னேன்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

விடை பெல்ட்டுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் நாறிக்கொண்டு போகக் கூடாதென்று அத்தை அந்தப் பச்சைப் பெல்ட்டைத் துவைக்க எடுத்தாள். பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் சாம்பல் நிறத்தில் பொடி. நாங்கள் இரண்டு பேரும் அதை நாட்டு மருந்துக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, நாக்கில் வைத்து, அத்தையை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார்.

"பூனைக்காலி வெதை. எங்கிட்டக் கெடைக்கிறதவிட நல்ல சரக்கா இருக்கே. வருசநாட்டு மலைப் பக்கம் வாங்குனதா? ஆமா, அண்ணனுக்கு என்ன வயசாச்சு?"

எனக்குத் தலைக்குள் பல்பு எரிந்தது. பூனைக்காலி! மேலே பட்டால் ஊரே சொறிந்துகொள்ளுமே, அந்தச் சுணைக் காயின் விதை! அந்த விதைக்குள் இருப்பதே டோபாதானே! கட்டியாவது மண்ணாங்கட்டியாவது. மனுசன் மூலப்பொருளைப் பொட்டலம் பொட்டலமாக உள்ளே தள்ளியிருக்கிறார். சிறுநீரகச் செல்கள் பாவம் என்ன செய்யும்? வந்த டோபாவை எல்லாம் மாங்கு மாங்கென்று டோபமைனாக்கி வெளியே விட்டிருக்கின்றன. நான் அந்தக் கடை வாசலிலேயே குதித்தேன். "அத்தே, மாமாவுக்கு ஒண்ணுமில்லத்தே! வயித்த அறுக்க வேணாம்!"

அத்தை குதிக்கவில்லை. அவள் கடைக்காரரின் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பம் பள்ளத்தாக்கில் பூனைக்காலிப் பொடியை ஆம்பளைகள் எந்த வீரியத்துக்காகத் தின்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் டோபா டோபா என்று படித்தேனே தவிர, அது எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆரம்பித்தாள்.

"மாசா மாசம் வருசநாட்டுக்கு எதுக்குப் போறீக?"

"மாடு பாக்க."

"எத்தன காலு மாடு?"

மாமா முழித்தார். அத்தை பொட்டலத்தை முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் முகம் செத்துவிட்டது. "மாட்டுக்கு வாங்குனது" என்றார்.

"காளைக்கா, பசுவுக்கா?"

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஏன், எங்கிட்ட இல்லாத எந்தத் திமிலு அவகிட்ட இருக்கு? எவ அவ? பேரச் சொல்லுங்க!"

பொடி சாக்கடைக்குப் போனது. அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு வரும், ஆனால் தட்டு தரையில் விழுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். குழம்பு வேண்டுமா என்று கேட்பாள், "அவ வைக்கிற மாதிரி இருக்காது" என்றும் சேர்த்துக்கொள்வாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு தின்றுவிட்டுப் போவார். என்னால் அதைப் பொறுத்துக்கொள்ளக்கூட முடிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் டாக்டரிடம் ஓடிப் பொடியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவர் நல்ல மனுசன், காது கொடுத்துக் கேட்டார். மாமாவைக் கூப்பிட்டு, "இந்தப் பொடியைச் சாப்பிட்டிங்களா? சாப்பிட்டேன்னு சொல்லுங்க, ஆபரேஷனை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். இதைவிடச் சுலபமாக ஒரு கேள்வி இருக்க முடியுமா? ஆமா என்று ஒரு வார்த்தை. மாமா மேலே ஃபேனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார்.

"அப்ப திறந்துதான் பாக்கணும்."

"சரிங்க."

வெளியே வந்து அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடி, அவளக் காட்டிக் குடுக்க மாட்டாகளாம். அவளுக்காகச் சாகவும் துணிஞ்சுட்டாக" என்று அழுதாள். நானும் அதைத்தான் நினைத்தேன். இப்படியும் ஒரு ஆம்பளையா? வயிற்றைக் கிழித்துக்கொள்கிற அளவுக்கு அவள் என்ன ரம்பையா, ஊர்வசியா?

அறுவைக்கு நாள் நெருங்கிவிட்டது. சந்தை நாளன்று மாமா வழக்கம்போலக் கிளம்பிப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே சந்தைக்குப் போனேன். அங்கே பொம்பளைப் பிள்ளைகள் யாரும் அப்படித் தனியாகப் போக மாட்டார்கள். போனேன். சாணியிலும் சேற்றிலும் செருப்பு வழுக்க, மாடுகளுக்கு நடுவில் புகுந்து போனேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவனும் தரகரும் கை கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துத்தான் பேச்சு. இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை, அழுத்தினால் சரி, உதறினால் மேலே ஏற்று. வெளியே இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மழை வருமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அப்படித்தான் வரிசையாகத் துண்டுகள் அசைந்துகொண்டிருந்தன. மாமா மட்டும் ஒரு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து, இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நின்றார்.

"மாமா!" என்று கத்தினேன். "யாரு அந்தப் பொம்பள? இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும்."

நாலு பேர் திரும்பினார்கள். ஒரு காளையும் திரும்பியது.

"கத்தாத தாயி."

"கத்துவேன். வயித்த அறுத்துட்டுப் போய்ச் சேந்துருவீக, அத்தைக்கு யாரு பதில் சொல்றது? ஆமான்னு ஒரு வார்த்த டாக்டர்கிட்டச் சொன்னா ஒங்க கிரீடம் எறங்கிருமா?"

அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். என் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். எந்த மாட்டுக்கு விலை சொல்லப் போகிறார் என்று எனக்கு ஆத்திரம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் உணர்ந்தேன். அந்தக் கை நடுங்கியது. நனைந்த கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி விடாமல் வெடவெடவென்று நடுங்கியது. நான் இறுக்கிப் பிடித்தேன். அப்போதும் நிற்கவில்லை. கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பருந்து மாமா?"

"போன வருசமே. ஒருத்தன்கிட்டப் பேசி முடிச்சுட்டேன், வெரலு ஆடுச்சு. நான் மேல ஏத்துறேன்னு நெனைச்சு அவன் துண்ட உதறி எறிஞ்சுட்டுப் போய்ட்டான். வாய்க்கு வந்தபடி பேசுனான். பெறகு வருசநாட்டுல இந்தப் பொடியக் குடுத்தாக. தின்னா நின்னுக்கிரும் தாயி. பழைய கையி மாதிரியே நின்னுக்கிரும். ஒங்க அத்த கொட்டுனாள்ல, அன்னைலருந்து திரும்பிருச்சு."

"இத அத்தைட்டச் சொன்னா என்ன?"

"அவ வாயில நிக்குமா? பதறி நாலு பேத்துகிட்டச் சொல்லுவா. டாக்டரும் எதுக்குத் தின்னன்னு கேப்பாரு. கையி நடுங்குறவன்னு தெரிஞ்சா எவன் எந்துண்டுக்குள்ள கைய விடுவான்?"

"அதுக்கு வயித்தக் கிழிச்சுக்கிறதா?"

"வயித்தக் கிழிச்சா சட்டைக்குள்ள போயிரும் தாயி, எவனும் பாக்க மாட்டான். கைய எங்கன கொண்டுபோய் ஒளிக்க?"

நான் சந்தை என்றும் பார்க்காமல் அழுதேன். அழுதுகொண்டே திட்டவும் செய்தேன். லூசு மாமா, கிறுக்கு மாமா, மூளைக்குள்ள டோபமைன் குறைஞ்சாத்தான் இப்படிக் கை நடுங்கும், இதுக்கு இங்கிலீஷ் மாத்திரை இருக்கு, அந்த மாத்திரைக்குள்ளயும் இதே டோபாதான் இருக்கு, இதுக்குப் போயா என்று என்னென்னவோ உளறினேன். சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, மூளைக்குத்தான் சரக்கு பத்தவில்லை என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. துண்டுக்குள் என் விரல்களை ஒரு தடவை அழுத்தினார். பக்கத்தில் நின்ற தரகர், "என்னய்யா, மருமகளுக்கு மாடு பிடிச்சுக் குடுக்குறியா?" என்றார். "ஆமாமா, காதக் கிழிக்கிற வெல கேக்குறா" என்றார் மாமா. நக்கல் மட்டும் எங்கேயும் போகவில்லை.

டாக்டரிடம் நான் மட்டும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொடி இல்லாமல் இருந்த நாளின் சிறுநீரைப் பிடித்து அளந்தேன். முள் நல்ல பிள்ளையாக வந்து மற்றவர்களுக்கு நிற்கிற இடத்திலேயே நின்றது. அறுவையை ரத்து செய்தார்கள். பேராசிரியருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. மூலப்பொருள் வருகிறவரை செய்து விடுகிறது, வரத்து நின்றதும் வெளியே விடுவதும் குறைந்துவிட்டது, ஆகவே சிறுநீரகச் செல் பெரிதாக எதையும் பதுக்கி வைப்பதில்லை பார்த்தியா என்று கரும்பலகையில் படம் வரைந்து தள்ளினார். "உங்க மாமாகிட்ட இன்னும் ஒரு கேன்..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அத்தையிடம் சொல்கிற வேலை மிச்சம் இருந்தது. "நீயே சொல்லிரு தாயி. நான் தொழுவத்துல நிக்கிறேன்" என்று மாமா நழுவிவிட்டார். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். வயிற்றில் கட்டி இல்லை. வருசநாட்டில் யாரும் இல்லை. கையில் நடுக்கம், அதை மறைக்கத்தான் அந்தப் பொடி. இது போகிற சீக்கு இல்லை, கூடிக்கொண்டுதான் வரும், ஆனால் மாத்திரை தின்றால் ரொம்ப வருசம் சமாளிக்கலாம்.

சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அடிப்பாவி, எம்புருசனைச் சந்தேகப்பட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள். தொழுவத்துப் பக்கம் பார்த்தாள். மாமா அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையை இன்னொரு கையால் பிடித்தபடி நின்றார். அத்தை ரொம்ப நேரம் அவரையே பார்த்தாள்.

"ஒருத்தி இருந்தான்னா, பஸ்ஸு ஏறிப் போயி அவ கொண்டையப் பிடிச்சு ஆஞ்சுட்டு வந்துருப்பேன்டி" என்றாள். சுளகை ஓரமாகத் தள்ளினாள். "இந்தச் சீக்கோட நான் எங்கன போயிச் சண்ட போட?"